இருபத்திரண்டு என்று நீங்கள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். குமரேசன் அண்ணனிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். படித்து முடித்ததும் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போட்டுவிடுங்கள். என் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா எழுந்து வந்து கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். நீங்கள் ஹாலில் படுத்து இருமுவது இங்கே கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடிவிட்டுக் காத்திருக்கிறேன். பேசுவது போலவே எழுதினால் அழுகை வந்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

உங்களைப் பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் அப்பா. அந்த உரிமையை எனக்குக் கொடுத்ததே நீங்கள்தான். போன மாசம் காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தபோது உங்களுக்கு இருமல் வந்து, நிற்காமல் வந்து, கண் இருட்டி, பஸ்ஸை ஓரமாகக்கூட ஒதுக்க முடியாமல் அப்படியே நிறுத்திவிட்டீர்கள். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். டிக்கெட் பையோடு கண்டக்டர் குமரேசன் அண்ணன் இறங்கி ஓடிவந்து உங்கள் முதுகைத் தடவினார். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைக்குக் காட்டிய டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னதையும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, “பாப்பா, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் என்கூட ஒரு எடத்துக்கு வர்றியா?” என்று மட்டும் கேட்டீர்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலரை என்றீர்கள். நாம் எங்கோ ஊருக்குப் போகப்போகிறோம் என்று நினைத்துத் தலை பின்னிக்கொண்டு கிளம்பினேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பீடியோ சிகரெட்டோ விற்காத ஒரு டீக்கடை. முதல் டிரிப்புக்குக் கிளம்பும் முன் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து சுக்கு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் டிரைவர், கண்டக்டர், ஒரு ஆட்டோக்காரர். எல்லோரும் சிகரெட்டை விட்டவர்கள், அல்லது விட்டுக்கொண்டிருப்பவர்கள். சமயபுரம் லைன் ஓட்டும் ஜமால் மாமா எழுந்து நமக்கு இடம் விட்டார்.

“இங்க லெக்சர் கிடையாது பங்காளி. நாள் மட்டும் சொல்லணும். அப்புறம், வீட்லேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவங்கதான் உன்னைப் பெத்தவங்க. சொன்னா கேக்கணும். யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?”

“பொண்ணு பாய்.”

“ஏன், வீட்ல இல்லையா?”

“அவகிட்ட பயம் பாய். இவகிட்ட வெக்கம். பயத்தை விட வெக்கம் கொஞ்சம் கூட நாள் நிக்கும்னு தோணுச்சு.”

குமரேசன் அண்ணன் சும்மா இருப்பாரா. “அண்ணே, உங்களைப் பெத்தவங்க ரெட்டை ஜடை போட்டுட்டு வந்திருக்காங்க! சுக்கு காபி குடிப்பாங்களா, இல்லை பூஸ்ட் சொல்லவா?” என்றார்.

“நீ பேசாதடா,” என்றார் ஜமால் மாமா. “உன்னைப் பெத்தவ உன் பொண்டாட்டி. போன வாரம் இதே பெஞ்சில வெச்சு உன் காதைத் திருகினதை எல்லாரும் பாத்தோம்.”

பெற்றவளுக்கு என்ன வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்குச் சிகரெட் ஆசை வந்தால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். நான் திட்டக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. பத்து நிமிஷம் உங்களோடு வேறு எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு எல்லோரும் வரிசையாக நாள் சொன்னார்கள். முன்னூறு, எழுபத்தாறு, பதிமூன்று. அந்த ஆட்டோக்காரர் முறை வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு “ஒண்ணு” என்றார். அதற்கு முந்தின வாரம் அவர் நாற்பதில் இருந்தாராம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து அவரைப் பெஞ்சின் நடுவில் உட்கார வைத்தார்கள், அடுத்து வந்த முதல் கிளாஸை அவரிடம் கொடுத்தார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நம் முறை வந்தபோது நீங்களும் “ஒண்ணு” என்றீர்கள். என் கையைப் பிடித்திருந்தீர்கள். உங்கள் கை ஈரமாக இருந்தது.

அப்பா, எனக்கு உண்மையிலேயே அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் அன்றைக்கே ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சிகரெட் வாசனை பிடிக்கும். சின்ன வயதில் இருந்தே பிடிக்கும். யு.கே.ஜி. லீவில் என்னைப் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில், இன்ஜின் மூடி மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பீர்கள். சூடு துண்டைத் தாண்டித் தொடைக்கு வரும். கண்ணாடியில் தொங்கும் மல்லிகைப்பூ, டீசல், உங்கள் சட்டை எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. பாலத்தில் ஏறும்போது, “பாப்பா, தண்ணி வந்திருக்கா பாரு,” என்பீர்கள். மணல் மட்டும் தெரிந்தாலும் “வந்திருக்குப்பா” என்பேன். நீங்கள் பார்க்காமலே “ஆமா ஆமா” என்பீர்கள். திருவானைக்காவலில் ஏறும் பள்ளிக்கூட அக்காக்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். “டிரைவர் பொண்ணு” என்ற பெயர் எனக்கு அப்போது ராணிப் பட்டம் மாதிரி இருந்தது.

சத்திரத்தில் அடுத்த டிரிப்புக்கு டைம் கீப்பர் விசில் அடிக்க ஏழு நிமிஷம் இருக்கும். அந்த ஏழு நிமிஷம்தான் உங்கள் சிகரெட். அந்த ஏழு நிமிஷம்தான் எனக்கு நீங்கள் முழுதாகக் கிடைத்த நேரமும். வண்டியின் நிழலில் குந்திக்கொண்டு புகையை வளையம் வளையமாக விடுவீர்கள். நான் அதற்குள் விரலை விட்டு, “மோதிரம் போட்டுட்டேன்பா,” என்பேன். “கல்யாணத்துக்கு இந்த மோதிரம் போதுமா?” என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்பில் ‘என் தந்தை’ கட்டுரையில், என் தந்தை வாயால் மோதிரம் செய்வார் என்று எழுதினேன். டீச்சர் அதை மற்ற டீச்சரிடம் காட்டிச் சிரித்ததை உங்களிடம் சொன்னபோது, பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தீர்கள். ஆறு வயதிலேயே உங்களுக்காகத் தீக்குச்சி கிழிக்கக் கற்றுக்கொண்டேன். காற்றுக்கு எதிராகக் கையைக் குவித்து, ஒரே கிழிப்பில். அந்த வருஷம் கார்த்திகைக்கு வாசல் விளக்கையெல்லாம் நானே ஏற்றினேன். தெருவில் எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டு உங்களை ஒரு பார்வை பார்த்தார்கள்.

ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போன அந்த வருஷம், ஊரே பாலத்தில் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அம்மாவும் நானும் ஒரே குடையில். நீங்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி நனைந்துகொண்டே, உள்ளங்கைக்குள் சிகரெட்டை மறைத்துப் பிடித்தபடி நின்றீர்கள். “அணையாம எப்படிப்பா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். “இதெல்லாம் டிரைவர் வித்தை,” என்றீர்கள். செந்நிறத் தண்ணீர், மழைச் சத்தம், உங்கள் கைக்குள் அந்தச் சின்னச் சிவப்பு. இன்றைக்கு நினைத்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டது என்று தெரிந்த பிறகும் அந்த நினைப்பு அழகாகவே இருக்கிறதே, உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். நீங்கள் விட வேண்டியது சிகரெட்டை மட்டும் என்று நாங்கள் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிட்டோம். அதோடு சேர்ந்து அந்த ஏழு நிமிஷத்தையும், வண்டி நிழலையும் விட வேண்டியிருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. பெற்றவளான நானும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. சாயந்திரம் சத்திரத்தில் வண்டி நிற்கும்போது அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு, “பாப்பா, வருது,” என்பீர்கள். நான் உடனே, “ஸ்டாப் பேரைத் தலைகீழா சொல்லுங்க,” என்பேன். “ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மாம்பழச்சாலை, சிந்தாமணி...” என்று ஆரம்பிப்பீர்கள். பின்னால் குமரேசன் அண்ணன், “அண்ணே, வண்டி ரிவர்ஸ்லயா போகுது?” என்று கத்துவார். ஏறுகிறவர்களில் யார் யார் சில்லறை இல்லை என்று நடிக்கிறார்கள் என்று சொல்வீர்கள். பத்து நிமிஷம் போய்விடும். அம்மா தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளையும் கிழிக்கும் முன் அதில் எத்தனையாவது நாள் என்று பெரிதாக எழுதி உங்களிடம் காட்டுவார்கள். வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டார்கள். “இப்பத்தான் வீடு வீடு மாதிரி மணக்குது,” என்றார்கள். எனக்கு அந்த சோப்பு வாசனையில் ஏதோ ஒன்று குறைந்தது. அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பதினெட்டாம் நாள், புதன்கிழமை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்கு மாடல் எக்ஸாம். நீங்கள் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று, “பாப்பா, வருது,” என்றீர்கள். நான் நிமிரவே இல்லை. “இப்பவாப்பா? நாளைக்கு பரீட்சை,” என்றேன். அரை மணி கழித்து நடையில் கிடந்த என் டிபன் பாக்ஸ் காலில் தட்டியதற்கு நீங்கள் போட்ட சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. பாக்ஸை எடுத்துச் சுவரில் எறிந்தீர்கள். இதற்கு முன் நீங்கள் ஒரு டம்ளரைக்கூட எறிந்ததில்லை. அம்மா பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான் எழுந்து வந்து, உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: “சிகரெட் பிடிச்சப்ப நீங்க நல்லாத்தான்பா இருந்தீங்க. இப்பத்தான் உங்களைப் பிடிக்கலை.”

நீங்கள் டிபன் பாக்ஸை எடுத்து, அதன் நசுங்கிய மூடியைக் கட்டைவிரலால் நீவி நீவிச் சரி செய்ய முயன்றீர்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அரை மணியில் திரும்பி வந்து, பின்பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினீர்கள். உள்ளே வந்து, “சாப்டியா?” என்று அன்பாகக் கேட்டீர்கள். பழைய குரல். உங்கள் பல்லில் பச்சையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கொய்யா மரம் நம் பின்சுவருக்கு மேல் சாய்ந்திருக்கிறது. கொய்யா இலையை மென்றால் சிகரெட் நாற்றம் தெரியாது என்று ஒருதடவை சத்திரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னது நீங்கள்தான். எனக்கு உடனே புரிந்தது. அப்பா, இப்போது சொல்லப்போவதைத்தான் நீங்கள் யாருக்கும் காட்டக்கூடாது. எனக்கு அழுகை வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. என் அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று இருந்தது. அன்றைக்குச் சோற்றை நீங்கள் பிசைந்து கொடுத்தீர்கள், நான் வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா வந்து மூக்கைச் சுளித்து, “என்னமோ வாடை வருதே,” என்றபோது, “எதிர்வீட்ல யாரோ சிகரெட் பிடிச்சுக்கிட்டு நின்னாங்கம்மா,” என்று பொய் சொன்னதும் நான்தான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உங்கள் முறை வந்தது. நீங்கள் “ஒண்ணு” என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நகர்ந்து இடம் விடக்கூடத் தயாராக இருந்தேன். நீங்கள் டீக்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே, “இருபத்தி ரெண்டு,” என்றீர்கள். குமரேசன் அண்ணன் விசில் அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஜமால் மாமா மட்டும் தட்டவில்லை. அவர் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் காபி கிளாஸுக்குள் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது, “பாப்பா, ஐஸ்கிரீம் வேணுமா?” என்று கேட்டீர்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அப்பா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நமக்குள் தெரியும், பேசிக்கொண்டதில்லை. வண்டி சீட்டுக்குக் கீழே பாக்கெட். காலையில் ஒன்று, சத்திரத்தில் எத்தனை என்று தெரியாது, இரவு பின்பக்கம் ஒன்று. கொய்யாவின் கீழ்க்கிளையில் இலையே இல்லை. அம்மா இன்னும் காலண்டர் தாளில் நாள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று இருபத்தெட்டு எழுதினார்கள். ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். இருமல் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. பாலத்தில் அன்றைக்கு வந்தது போல மறுபடி வந்தால், பஸ்ஸில் அறுபது பேர் இருப்பார்கள் என்பதை நான் நினைக்காத நாள் இல்லை. நேற்று மத்தியானம் அம்மாவிடம், “இனிமே அந்த டீக்கடைக்குப் போகலை. எனக்குத்தான் சரியாயிடுச்சே, ஞாயித்துக்கிழமையாவது தூங்கறேன்,” என்றீர்கள். அம்மா சரி என்றார்கள். நீங்கள் போகாமல் இருந்துவிட்டால் இது இப்படியே நின்றுவிடும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவை ஏமாற்றிக்கொண்டே இருப்போம்.

அதனால் நேற்று சாயந்திரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, அவர்கள் போனிலிருந்து ஜமால் மாமாவைக் கூப்பிட்டேன். பெயர் சொன்னதும், “சொல்லும்மா, உன் போனுக்குத்தான் ஒரு வாரமா உக்காந்திருக்கேன்,” என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. “அப்பா நாளைக்கு வரமாட்டாராம்” என்று மட்டும் சொன்னேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார். அவர் முதல் தடவை விட்டபோது ஒன்பதாம் நாள், தங்கச்சி மகள் நிக்காஹ் பந்தலில், யாரோ சிகரெட்டை நீட்டினார்களாம், வாங்கிவிட்டாராம். “அந்த ஒண்ணு பெரிசில்லைம்மா. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு மாசம் பிடிச்சேன் பாரு, அதுதான் பெரிசு. மூணு தடவை ஒண்ணுன்னு சொல்லியிருக்கேன் அந்த பெஞ்சில. இன்னைக்கு நாலு வருஷம், அல்ஹம்துலில்லா.” பிறகு, “உங்கப்பனைத் திட்டாத. உன்னையும் திட்டிக்காத. காலைல நானே வர்றேன். வந்து கதவைத் தட்டுவேன். வர்றதும் வராததும் அவன் இஷ்டம்,” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொன்னால் உங்களுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று தெரியும். அதனால்தான் பயந்துகொண்டு எழுதுகிறேன்.

பெற்றவள் புத்தி சொல்லக்கூடாது என்பது அந்த பெஞ்சின் சட்டம். ஆனாலும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய் அப்பா. நீங்கள் அப்போது நல்லவராக இருந்தீர்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அந்தச் சிகரெட் இல்லை. அந்த ஏழு நிமிஷத்தில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், அதுதான். அது புரிய எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. சிகரெட் இல்லாமலும் உட்காரலாம். நீங்கள் எரிந்து விழுங்கள், இன்னும் பத்து டிபன் பாக்ஸை எறியுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். பரீட்சையே இருந்தாலும் எழுந்து வருவேன். இரண்டாவது, அங்கே போய் “ஒண்ணு” என்று சொல்லுங்கள். உங்களுக்கு முன்னாலேயே நான் எழுந்து, போன வாரம் தெரிந்தே கை தட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் வெட்கப்படுவது நானாக இருக்கட்டும். அம்மாவிடமும் நாம் சேர்ந்தே சொல்லலாம். அழுவார்கள். இரண்டு நாள் பேசமாட்டார்கள். பிறகு அவர்களே ஒரு தாளைக் கிழிக்கும் முன் புதிதாக ஒன்று என்று எழுதுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை எழுதாமலும் இருக்கலாம். அதையும் நாம்

வாசல் கதவு தட்டுகிறது. இன்னும் நாலு மணிகூட ஆகவில்லை. “பங்காளி, நான்தான்” என்று மெதுவாக ஜமால் மாமா குரல். அம்மா, “யாருங்க இந்நேரத்துல?” என்கிறார்கள். நீங்கள் பாய் சுருட்டுகிற சத்தம். நடக்கிறீர்கள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை, இந்தப் பக்கம் வருகிறீர்கள். என் கதவில் இரண்டு தட்டு. “பாப்பா” என்கிறீர்கள், கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை, மறுபடியும் தட்டுகிறீர்கள், அப்பா, நான் கதவைத்